வலது பக்கத்து மெடல்கள்

ஜெனரலின் முகம் எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருடைய சம்சாரத்துக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான். ஒரு சீசன் முழுக்க அந்த முகத்தின் பின்பக்கம் பசை தடவி, வெடிப் பெட்டியில் ஒட்டி, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவி விட்டவள் நான். மீசை எந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும், தாடைக்குக் கீழே சதை எங்கே மடியும், எல்லாம் இன்றைக்கும் என் கைக்குத் தெரியும்.

அவர் இறந்த பிறகு ஊரில் நினைவு மலர் ஒன்று போட்டார்கள். கூடப் படித்தவர், ரயிலில் ஒரு தடவை எதிர் சீட்டில் வந்தவர் என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். எல்லாம் நல்ல நல்ல வார்த்தைகள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நானே எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். கரிசல் காடு. ஊருக்குள் பெரிய வீடு ஒன்றுதான். சுற்றியிருந்த பருத்திக் காடும் மிளகாய்க் காடும் பெரும்பாலும் அந்த வீட்டுக்குச் சொந்தம். எங்கள் தெரு ஓடைக்கு அந்தப் பக்கம். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அவர்கள் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். மழை ஏமாற்றி ஏமாற்றி, பக்கத்தில் வெடி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற பட்டாசுக் கம்பெனிகளும் வந்த பிறகு, களைக்கொத்தைப் போட்டுவிட்டு அந்த வேலைக்கு வேனில் ஏறிப் போய்விட்டோம்.

அந்தப் பெரிய வீட்டு மூத்த பிள்ளைதான் ஜெனரல். அவருடைய அப்பா அவரை விவசாயத்தில் உட்காரவைக்கப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. மதுரையில் காலேஜ் முடித்து, பரீட்சை எழுதி, ராணுவத்தில் ஆபீசர் ஆனார். மேற்கு எல்லைச் சண்டையில் தொடையில் குண்டு பாய்ந்தும் பின்வாங்காமல் நின்றார் என்று முதல் மெடல் கொடுத்தார்கள். அந்தக் கால் கடைசி வரை லேசாக இழுத்தது. அது பொய்யில்லை, நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் மேஜர், கர்னல் என்று ஏறினார். கர்னலாக வடக்கே பனிமலையில் இருந்தபோது இரண்டாவது மெடல். இது பெரியது. ஜனாதிபதி கையால் வாங்கினார். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல். ஒவ்வொரு தடவையும் பேப்பரில் படம் வரும். டீக்கடைக்காரர் அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டுவார்.

அந்த இரண்டாவது மெடலில்தான் என் கதை இருக்கிறது.

என் வீட்டுக்காரரும் ராணுவம்தான். சிப்பாய். அவருக்கு வாய் ஜாஸ்தி. யாரையாவது திட்டாமல் சோறு இறங்காது. பஸ் பிந்தினால் பஸ்ஸைத் திட்டுவார், பால் கறக்காத மாட்டைத் திட்டுவார். லீவு முடிந்து கிளம்பும்போது பிரியமாக ஏதாவது சொல்லுவார் என்று நான் நின்றால், “அழுதேன்னா செவுட்டுல விடுவேன், போயி அடுப்பப் பாரு” என்பார். அதுதான் அவருடைய பிரியம். ஆனால் பெரிய வீட்டு ஆள் யாராவது எதிரே வந்தால் அந்த வாய் தானாக மூடிக்கொள்ளும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீட்டு வாசலில் என் மாமனார் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்.

ஒரு தடவை இன்லண்டு லெட்டரில், “புதுசா வந்திருக்க கர்னல் ஆரு தெரியுமா, நம்மூரு பெரிய வீட்டு ஐயா, ஆள் இல்லாதப்ப எங்கூடத் தமிழ்ல பேசுதாரு” என்று எழுதியிருந்தார். சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தார். அந்தக் குளிர்காலத்திலேயே தந்தி வந்தது. பனிமலையில் பணியின்போது மரணம். உடல் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

உடம்பு இல்லாத சாவை எப்படி அழுவது? படத்துக்கு மாலை போட்டு உட்கார்ந்தோம். வந்த பெண்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று காதில் விழும்படியே பேசினார்கள். பேசட்டும். குண்டு பட்டதா, பனி மூடியதா, உடனே போனாரா, இழுத்துக்கொண்டு கிடந்தாரா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா, கடைசியாக என்ன சொன்னார்? இதில் ஒன்றுகூடத் தெரியாமல் எதை நினைத்து அழுவது? பட்டாளத்துக்கு எழுதிக் கேட்டேன். எல்லாருக்கும் அனுப்புகிற மாதிரி ஒரு பதில் வந்தது. அதே மலையில், அதே குளிர்காலத்தில்தான் கர்னலுக்கு மெடல். குண்டு மழைக்கு நடுவே வீரம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அப்படியென்றால் அவருக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து கேட்க வேண்டும். வருஷம் போகப் போக எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லாமல் போனது.

சுனாமி வந்த வருஷம் ஜெனரல் ரிட்டயர் ஆகி ஊருக்கே வந்துவிட்டார். பெங்களூரில் வீடு இருந்தும் வந்தார் என்று ஊரே மெச்சியது. பஸ் நிறுத்தத்திலிருந்து பெரிய வீடு வரை சரவெடி போட்டார்கள். நான் கூட்டத்தில் முட்டிப் பார்த்தேன். கிட்டப் போக முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கே போனேன். “முன்னால நிக்காத, தொழுவத்துப் பக்கம் வாத்தா” என்றார் வேலைக்காரர். மாடுகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜெனரல் வந்தார். நான் யாருடைய சம்சாரம் என்று சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

“உங்க வீட்டுக்காரர் நல்ல சோல்ஜர். வீரமரணம்” என்றார்.

“எப்படிச் செத்தாருங்க ஐயா?”

உள்ளே போன் மணி அடித்தது. போய்விட்டார். திரும்பி வரவில்லை. வீரமரணமாம். அந்த வார்த்தையைத் தலையில் வைத்தால் பேன்கூடச் சாகாது.

அடுத்த சீசனில்தான் லேபிள் வந்தது. நான் வேலை பார்த்த கம்பெனி முதலாளி பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தவர். ஊருக்கே பெருமை சேர்த்த மனிதருக்கு நாம் என்ன செய்வது என்று யோசித்து, அவர் படத்தை அணுகுண்டுப் பெட்டியில் போட்டுவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இது கூத்தாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் அச்சடிப்பதுதான். சாமிக்கும் அதே, நடிகருக்கும் அதே, புலிக்கும் அதே. அவரும் சரி என்று சொல்லியிருக்கிறார். திருத்தங்கல் பிரஸ்ஸில் அடித்துக் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. கிளிப்பச்சை வானம், அதில் விமானம், பனிமலை, பனிமலை உச்சியில் ஒரு டாங்கி. டாங்கி எப்படி அங்கே ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. நடுவில் தொப்பியும் மெடல்களுமாக ஜெனரல்.

நாங்கள் வெடிமருந்து அறைகளுக்குத் தள்ளி, லேபிள் ஷெட்டில் உட்கார்ந்து ஒட்டுவோம். மைதா மாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. கையை எவ்வளவு கழுவினாலும் சோற்றில் கசப்பு ஏறும்.

“யக்கா, ஜெனரலு மூக்குல பசை ஒழுகுது பாரு, தொடச்சு விடு, சளி புடிச்சிரப் போவுது” என்பாள் ஒருத்தி.

“இம்புட்டுத் தடவ எம் புருசன் மூஞ்சியக்கூட நான் தடவுனதில்ல மதினி” என்பாள் இன்னொருத்தி.

“ஒம் புருசன் மூஞ்சிய எவ தடவுவா? பசை ஒட்டாதே!”

ஷெட்டே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் முதல் கட்டைப் பிரித்தபோதே நான் ஒன்று பார்த்துவிட்டேன். மெடல்கள் வலது மார்பில் இருந்தன.

இது எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் செத்த பிறகு அவருடைய சர்வீஸ் மெடல்கள் பார்சலில் வந்தன. விருதுநகரில் ஒரு குடியரசு தினத்தில் எங்களை மாதிரிப் பெண்களைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். நான் மெடலைச் சேலையில் இடது பக்கம் குத்திக்கொண்டு போயிருந்தேன். ஒரு பழைய சுபேதார் கூப்பிட்டு, “அங்கன இல்லம்மா. இடது பக்கம் வாங்குனவன் குத்துறது. அவன் செத்தப்புறம் வீட்டாளு வலது பக்கம் குத்தணும்” என்றார். அன்றைக்கு மாற்றிக் குத்தினேன்.

லேபிளில் எப்படி மாறியது என்றும் எனக்குப் புரிந்தது. போட்டோவில் ஜெனரலின் முகம் வெடியின் பெயரைப் பார்க்காமல் பெட்டிக்கு வெளியே பார்த்திருக்கும். பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் ஆளை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருப்பார். எங்கள் ஊர்களில் இது தினமும் நடப்பது. சாமி படத்தில் மட்டும்தான் செய்யமாட்டார்கள். வேல் இடது கைக்குப் போய்விட்டால் வம்பு.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இருக்கட்டும் என்று ஒட்டினேன். செத்தவன் மெடல்தானே, சரியான பக்கம்தான் இருக்கிறது என்று ஒவ்வொரு பெட்டியிலும் அழுத்தி ஒட்டினேன்.

ஆயுத பூஜைக்கு ஜெனரலைக் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். வெடி ஆபீஸில் பூஜை கொஞ்சம் வேறு மாதிரி. மருந்து அறைப் பக்கம் விளக்கு ஏற்ற முடியாது, கற்பூரம் காட்ட முடியாது. கதவில் சந்தனம், குங்குமம் வைப்பதோடு சரி. நெருப்பெல்லாம் கேட்டுக்கு வெளியே ஆபீஸ் ரூம் பக்கம். அங்கே வேப்ப மரத்தடியில் எங்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முதலாளி ஒரு தாம்பாளத்தில் பெட்டியை வைத்து நீட்டினார்.

“தீபாவளிக்கு நாடு பூரா ஐயா பேரு வெடிக்கும்!”

ஜெனரல் சிரித்துக்கொண்டே வாங்கினார். பெட்டியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“மெடல் வலது பக்கம் இருக்கே” என்றார்.

முதலாளி பெட்டியை எட்டிப் பார்த்தார். அப்புறம் ஜெனரலின் நெஞ்சைப் பார்த்தார். அன்றைக்கு ஜெனரல் வெறும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். முதலாளி போர்மேனைப் பார்த்துக் கத்தினார். “ஏலே, பிரஸ்ஸுக்குப் போனப் போடுலே!”

“பாதி லோடு வடக்க போயிருச்சு மொதலாளி.”

“பரவாயில்ல, விடுங்க” என்றார் ஜெனரல். “யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுங்க ஐயா.”

சொன்னது நான்தான். சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுப் போகவில்லை. வாய் திறந்துவிட்டது.

ஜெனரல் திரும்பினார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

“மொத நாளே பாத்துட்டேன். சொல்லல. வலது பக்கம் செத்தவன் வீட்டாளு குத்துறது. அந்த மலையில செத்தது என் வீட்டுக்காரரு. மெடலு ஒங்களுக்கு. அவரு எப்படிச் செத்தாருன்னு மட்டும் இன்னும் ஒருத்தரும் சொல்லல.”

“ஏத்தா, நாளுங்கிழமையுமா என்ன பேச்சு இது?” என்று போர்மேன் பாய்ந்து வந்தார். ஜெனரல் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பெட்டியைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தார்.

“நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்.”

“எங்க வீடு ஓடைக்கு அந்தப் பக்கம்ங்க ஐயா.”

“தெரியும்.”

“வந்ததே இல்லையே, எப்படித் தெரியும்?”

அவர் காரைப் பார்த்து நடந்துவிட்டார். வேனில் திரும்பும்போது எல்லாரும் என்னைத் திட்டினார்கள். வேலை போகப்போகிறது என்றார்கள். எனக்கு வேலையைப் பற்றி நினைப்பே வரவில்லை. வருவாரா மாட்டாரா என்பதுதான் ஓடியது.

வந்தார். காரை ஓடைக்கு ஊர்ப் பக்கமே விட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு தனியாக நடந்து வந்தார். வீட்டில் நானும் மாமனாரும்தான். அவரைப் பார்த்ததும் மாமனார் எழுந்தார். அந்த வயதிலும் கை தானாகத் துண்டை உருவி இடுப்பில் கட்டியது. பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டேன்.

“நீங்க உக்காருங்க” என்றார் ஜெனரல் மாமனாரிடம்.

“இருக்கட்டும்ங்கய்யா.”

“நீங்க உக்காந்தாத்தான் நான் பேசுவேன்.”

மாமனார் சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார். நான் டீ கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். பெரிய வீட்டு ஐயா எங்கள் வீட்டு டம்ளரில் குடித்தார் என்று தெரு முழுக்கப் பல நாள் பேசினார்கள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. டீ குடிக்கவா அவரைக் கூப்பிட்டேன்?

அவருடைய தமிழ் துருப்பிடித்த தமிழ். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மலைக்கு மேலே ஒரு சின்ன முகாமில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதாம். அங்கே மண்ணெண்ணெய் இல்லையென்றால் ஆட்கள் விறைத்துச் செத்துப்போவார்களாம். கேன்களைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் கயிறு கோத்துக்கொண்டு கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர், “புதுப் பனி விழுந்திருக்கு சார், நாளைக்குப் போவோம்” என்றாராம். இவர் இன்றைக்கே போக வேண்டும் என்று உத்தரவு போட்டாராம். கூடவே நடந்திருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். பாதி வழியில் பனி வாய் பிளந்தது. கயிறு அறுந்து என் வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். கீழே போகப் போகக் குறுகுகிற வெடிப்பு. நெஞ்சு வரை சிக்கிக்கொண்டார். உயிர் இருந்தது.

“நான் கயித்துல எறங்கினேன். எல்லாரும் வேணாம்னாங்க. கை எட்டிச்சு. இழுத்தேன். கிளவுஸ் மட்டும் கழண்டு வந்துச்சு. மேல போய்ட்டு மறுபடியும் எறங்கினேன்.”

“குண்டு மழைன்னு பேப்பர்ல போட்டானே?”

“அன்னிக்கு அங்க எதிரியே இல்லம்மா. ஒரு குண்டுகூட வெடிக்கல. எறங்கினதுக்குத்தான் மெடல். உங்க வீட்டுக்காரர என்னால தூக்க முடியல. ஆனா மெடல் குடுத்தாங்க.”

“கடைசியா என்ன சொன்னாரு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “திட்டினார்.”

“என்னன்னு?”

“அது வேணாம்மா.”

“ஐயா, நான் கேக்குறதே அதத்தான்.”

அவர் மாமனாரை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் சொன்னார். அதுவரை தட்டுத் தடுமாறி வந்த தமிழ் அந்த இடத்தில் மட்டும் தடுமாறவே இல்லை. எங்கள் தெருப் பேச்சு அச்சு அசலாக அப்படியே வந்தது. எத்தனை தடவை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருந்தால் அப்படி வரும்?

“ஏலே, பெரிய வீட்டுப் பயலே! சொன்னா கேட்டியாலே நீயி? கூறுகெட்ட மூதி! மறுபடியும் எறங்குதியாக்கும்? மேல போலே! நீயும் செத்தேன்னா எவம்லே எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லுவான்?”

மாமனார் பதறி எழுந்துவிட்டார்.

“ஐயா, எம் பய அப்படிப் பேசிருக்க மாட்டான்ங்கய்யா. குளுருல புத்தி பெரண்டு பேசிருந்தா நான் மாப்புக் கேட்டுக்கிடுதேன். மனசுல வச்சுக்கிடாதீக.”

“மாமா!” என்று கத்தினேன். “ஒக்காருங்க! சாகும்போது ஒருநாளு வாயத் தெறந்திருக்காரு, அதுக்கும் மாப்புக் கேப்பீகளோ?”

“அவர் சொன்னதுல தப்பே இல்ல” என்றார் ஜெனரல். “எங்க அப்பாவுக்கு அப்புறம் என்னை ஏலேன்னு கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான். அவர் சொன்னபடி அன்னிக்குப் போயிருக்கக் கூடாது. லீவுல வரும்போதெல்லாம் உங்ககிட்டச் சொல்லணும்னு நெனப்பேன். தைரியம் வரல.”

குண்டு பாய்ந்த காலோடு நின்றவருக்கு ஓடையைத் தாண்டத் தைரியம் வரவில்லையாம். எனக்கு ஏறியது பாருங்கள் ஒரு கோபம்.

“மேல போன்னு சொன்னதக் கேட்டீக. போயிட்டீக. பிரிகேடியரு, ஜெனரலுன்னு மேல போயிக்கிட்டே இருந்தீக. எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லுன்னு சொன்னத மட்டும் ஏன் கேக்கல?”

அவர் எழுந்து போய்விடவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் அவரை மன்னித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் எரிச்சலாகியிருக்கும். உத்தரவு போட்டவர் அவர், செத்தவர் என் வீட்டுக்காரர், அது மாறப்போவதில்லை. மேலே முகாமில் இருந்த ஆட்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றைக்கும் எனக்கு இதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அன்றைக்கு நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்.

“இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவாச் சொல்லாதீக. அவரு எப்படிச் சொன்னாரோ அப்படிச் சொல்லுங்க.”

டம்ளரைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கத்தினார். அதற்குள் தெருவே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. பெரிய வீட்டு ஐயா எங்கள் வீட்டுக்குள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டு தன்னைத்தானே ஏலே, மூதி என்று திட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. அப்போதுதான் அழுதேன்.